காலை எடுத்த பின்னும் ஓடும் கார்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்று நான் நம்பினேன். ஏதோ சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். முழு மனதோடு நம்பினேன். அது எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். எங்கள் ஊரில் எந்தத் தெருவைப் பிடித்துக் கிழக்கே போனாலும் கடல்தான். ஆகவே கடலில் போய் நிற்கும். ஸ்டியரிங்கில் என் மனைவி. பக்கத்து இருக்கையில் நான், மடியில் மல்டிமீட்டரோடு. அலை எங்களை மூடும்போதும் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டிக்கொண்டிருக்கும்.

தலை நரைத்த ஆள், முதலியார்பேட்டையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன், கரண்ட்டில் விரலை விட்டே பிழைப்பவன், இப்படியா நம்புவான் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

கார் அவளுடையது. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊரோடு வந்து தங்கிய ஒரு பெரியவரிடம் வாங்கிய பழைய ஜெர்மன் கார். அவர் மறுபடியும் பிள்ளைகளோடு இருக்கலாமென்று பாரிஸுக்கே போனபோது சாவியைக் கொடுத்தார். டேஷ்போர்டின் பாஷையை மட்டும் மாற்றிக் கொடுக்க மறந்துவிட்டார். திரையில் வரும் செய்தியெல்லாம் இன்றைக்கும் பிரெஞ்சுதான். மனைவி பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். என் பிரெஞ்சு தெருப் பெயர்ப் பலகைகளோடு முடிந்துபோனது. அதனால் அந்தக் கார் எதைச் சொன்னாலும் என் கண்ணுக்கு மிரட்டலாகவே தெரியும்.

அந்த இன்ஜினில் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று உண்டு. எல்லா இன்ஜினும் காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். இந்த இன்ஜினுக்கு மட்டும், சாப்பிடாத குழந்தைக்கு ஊட்டுவதுபோல, வாயில் காற்றைத் திணிக்க ஒரு கருவி. இன்ஜினின் பெல்ட்டிலேயே அதுவும் சுற்றும். ஓட்டுபவர் மிதியை அழுத்தினால் திணிக்க வேண்டும், காலை எடுத்தால் திணிக்கக் கூடாது. ஆனால் பெல்ட்டில் சுற்றுகிற கருவி சட்டென்று நிற்காதே. அதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். கதவு மூடியிருந்தால் காற்று முழுவதும் இன்ஜினுக்குள் போகும். திறந்திருந்தால் காற்று வந்த வழியே சுற்றிப் போய்விடும், யாருக்கும் தொந்தரவு இல்லை. அதுதான் பைபாஸ் வால்வு. எங்கள் காரில் அந்தக் கதவு நன்றாக இருந்தது. அதைத் திறந்து மூடுகிற மின்கருவிதான் வயதாகிச் செத்துக்கொண்டிருந்தது.

சாகிற கருவி ஒரேயடியாகச் செத்திருந்தால் பரவாயில்லை. அது நினைத்தால் வேலை செய்தது, நினைத்தால் படுத்துக்கொண்டது. மனைவிக்கு வேலை சேதராப்பட்டில், ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில். வருகிற பாகங்களைப் பார்த்துத் தேறியதா, தேறவில்லையா என்று முத்திரை குத்துவாள். ஒரு நாள் அங்கே போகிற வழியில் ஒரு டிப்பர் லாரியை முந்தப் போயிருக்கிறாள். பாதி முந்தியதும் அந்த வால்வுக் கதவு தன்னால் திறந்துகொண்டது. காருக்கு மூச்சு போய்விட்டது. எதிரே பஸ்.

இதை அவள் சொன்னது மறுநாள் காலை, தோசை ஊற்றிக்கொண்டே. "அப்புறம் லாரிக்காரன் பிரேக் போட்டான், உள்ள பூந்து வந்துட்டேன். சட்னி போதுமா?"

எனக்குச் சட்னி போதும்போல இருந்தது. தோசையும் போதும்போல இருந்தது.

"அந்த வண்டிய வித்துடலாம்."

"விக்க மாட்டேன்."

"அப்ப பஸ்ல போ."

"நீங்க கரண்ட்டுக்காரர்தான? அந்தக் கதவைத் தொறந்து மூடறதுக்கு ஒரு டப்பா செஞ்சு குடுங்க. இல்லன்னா இப்படியே ஓட்டிக்கறேன்."

இப்படியே ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த லாரிக்காரன் அன்றைக்குப் பிரேக் போட்டான். அடுத்த லாரிக்காரன் போடுவான் என்று யார் சொல்ல முடியும்? பெரிய சர்வீஸ் சென்டரில் கேட்டால், அந்தப் பாகம் தனியாக வருவதில்லை, மொத்தமாக மாற்றினால்தான் உண்டு, அதுவும் இப்போது இல்லை என்றார்கள். ஆகவே நான் செய்தாக வேண்டும். நான் செய்தால் அது இருக்கும் காரில் அவள் உட்கார்ந்து போவாள். ஊருக்கே இன்வெர்ட்டர் செய்து கொடுத்திருக்கிறேன். அது பழுதானால் மின்விசிறி நிற்கும், ஆட்கள் போனில் திட்டுவார்கள், அவ்வளவுதான். நான் செய்த பொருளை நம்பி ஒருத்தி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைவது என் தொழிலில் அதுவரை நடந்ததில்லை.

எங்கள் பக்கம் மத்தியானமானால் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடும். அந்த நேரத்தில் நான் பாதி ஷட்டரைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். உள்ளங்கை அளவு போர்டு. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று சொல்ல ஒரு ஒயர். குழாயில் காற்று எவ்வளவு நெருக்குகிறது என்று சொல்ல ஒரு சென்சார். இரண்டையும் கேட்டுக்கொண்டு கதவின் கையைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். எல்லாவற்றையும் வீட்டு ஒயரிங்கில் வைக்கும் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில் அடைத்தேன். இன்வெர்ட்டர்களில் தூசி ஊதும் புளோயரைக் குழாயில் வைத்து ஊதி, மிதிக்குப் பதில் ஒரு வால்யூம் குமிழியைத் திருகினேன். குமிழியை ஏற்றினால் கதவு டக்கென்று மூடியது. இறக்கினால் டக்கென்று திறந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த டக் சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது என்பதுதான் கஷ்டம்.

இன்டர்நெட்டில் எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் போட்டிருந்த வீடியோ ஒன்றைப் பார்த்துத் தொலைத்திருந்தேன். அவன் பேசியது எந்த பாஷை என்றே தெரியவில்லை. கதவு மூடியபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்குகிறான் என்பது மட்டும் கையாட்டலில் புரிந்தது. அவன் காலைத் தூக்கிக் காட்டுகிறான், இன்ஜின் ஊளையிடுகிறது, அவன் முகம் மாறுகிறது. மிச்சத்தை நானே வசனம் எழுதிக்கொண்டேன். கதவு திறக்காவிட்டால் அடைபட்ட காற்று போக்கிடமின்றி இன்ஜினுக்குள் போய்க்கொண்டே இருக்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கடல்.

மனைவியிடம் இதை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"காலை எடுத்தா காத்து போற வழிய இன்ஜின் வாசல்லியே அடைச்சிடுது இல்ல?"

"ஆமா. அது வேற கதவு."

"அது அடைச்சப்புறம் இன்ஜினுக்குக் காத்து ஏதுங்க?"

பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் சொன்னது சரி என்று தலைக்குத் தெரிந்தது. பயத்துக்குத் தெரியவில்லை. அது அன்றைக்கே அந்த வீடியோவை இன்னும் இரண்டு முறை பார்க்கவைத்தது.

பயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. எங்கெல்லாம் தப்பு வரலாமோ அங்கெல்லாம் காவல் போட்டேன். கதவில் ஒரு ஸ்பிரிங் மாட்டினேன். மோட்டாருக்குக் கரண்ட் நின்றால் ஸ்பிரிங் கதவைத் திறந்துவிடும். திறந்த கதவால் யாருக்கும் ஆபத்தில்லை, கார் மந்தமாக ஓடும், அவ்வளவே. மோட்டார் போகச் சொன்ன இடத்துக்குக் கதவு போகாவிட்டால், போர்டு உடனே கரண்ட்டை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கைப் போடும். அதாவது, சிவப்பு எரிந்தால் டப்பா வேலையை விட்டுவிட்டது, கதவு திறந்துவிட்டது, இனி பயமில்லை என்று அர்த்தம். இந்த அர்த்தத்தை எழுதியவன் நானே என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

காரில் மாட்டித் தந்தவர் எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வூட்டு ஒயரிங் பொட்டிய இன்ஜின்ல வெக்கற?"

"உள்ள இருக்கறது கம்ப்யூட்டர் பாய்."

"அதான் பயமா கீது. நட்டு போல்ட்டுக்கு நான் பொறுப்பு. ஒயருக்கு நீ பொறுப்பு. இப்பவே பேசிடுவோம்."

"ஞாயித்துக்கிழமை காலைல டிரையல். நீங்களும் வண்டில வாங்க."

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு சார்."

"எனக்கும்தான் பொண்டாட்டி இருக்கு."

"அதான் அவங்களையே கூட்டினு போறியே." கொஞ்சம் யோசித்துவிட்டு, மனம் இளகிச் சொன்னார்: "நான் ஸ்கூட்டர்ல பின்னாடி வரேன். எதுன்னா ஆச்சுன்னா வூட்டுக்குத் தகவல் சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை அவள் சேதராப்பட்டு போயாக வேண்டும். டிரையலில் தேறினால் டப்பாவோடு போவாள், தேறாவிட்டாலும் போவாள். இதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வந்து, கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் வாசலில் மாட்டிவிட்டுப் போவார். அந்த வாரத்து எலுமிச்சையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். காருக்கு வெளியே கட்டினால் மனைவி சிரிப்பாள். "ஸ்பிரிங் போட்டீங்க, விளக்கு போட்டீங்க, இது எத்தனாவது சேஃப்டி?" என்று கேட்பாள். அதனால் பானெட்டைத் திறந்து உள்ளேயே, என் டப்பாவுக்கு நேர் மேலே, ஒரு ரப்பர் குழாயில் மாட்டினேன். கம்பி இரும்பு. பக்கத்தில் என் ஒயர்கள். ஷார்ட் ஆகிவிடும் அல்லவா? தொழில் தெரிந்தவன் இல்லையா நான்? கம்பி முழுவதையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, கொக்கியை வெட்டிவிட்டு, டேப்பாலேயே குழாயோடு ஒட்டினேன். திருஷ்டிக்குத் திருஷ்டி, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. பானெட்டை மூடினேன்.

கிளம்பினோம். முத்தியால்பேட்டை தாண்டும்வரை நெரிசல், மிதியை அழுத்தவே இடமில்லை. சென்னை போகும் ஈசிஆர் சாலையில் ஏறியதும் மனைவி கேட்டாள், "அழுத்தட்டுமா?"

"லேசா."

"லேசா அழுத்தறதுக்கா இவ்ளோ செஞ்சீங்க?" அழுத்தினாள்.

ஒரு டக் கேட்டது. முதுகு இருக்கையில் பதிந்தது. கார் பாய்ந்தது. டப்பாவின் கரண்ட்டை நிறுத்த நான் ஒயர் இழுத்து வைத்திருந்த கட் ஆஃப் சுவிட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாலையில் ஒரு வேகத்தடை. அவள் காலை எடுத்தாள், ஏறி இறங்கினோம், மறுபடி அழுத்தினாள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு. உலகத்தில் சிவப்பு விளக்குக்கு ஒரே அர்த்தம்தான். நான் கொடுத்திருந்த அர்த்தம் என் நினைவிலிருந்து சுத்தமாகப் போயிருந்தது. கதவு மூடியபடி சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டினேன். கார் பிய்த்துக்கொண்டு போவதாகத் தோன்றியது. தென்னை மரங்கள் பறந்தன. வாடகை ஸ்கூட்டரில் போன சென்னைப் பையன்கள் பறந்தார்கள். அவர்கள் எங்களைத் தாண்டி முன்னால் பறந்தார்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"காலை எடு" என்றேன். குரல் வரவில்லை. சுவிட்சை இழுத்தேன். எதுவும் மாறவில்லை. மாறாது. டப்பா ஏற்கெனவே கரண்ட்டை நிறுத்திவிட்டிருந்தது. செத்தவனை மறுபடி கொல்வதுபோல நான் அதை இழுத்து இழுத்து விட்டேன். அதே நேரம் திரையில் பெரிய எழுத்தில் பிரெஞ்சில் ஒரு செய்தி வந்தது.

"என்ன சொல்லுது? என்ன சொல்லுது?"

"கண்ணாடி தொடைக்கற தண்ணி தீந்துபோச்சாம்."

அவள் பொய் சொல்கிறாள், கடைசி நேரத்தில் என்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவள்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. தொண்டையில் தீ வைத்தாற்போல. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளும் இருமினாள். ஏசி துவாரங்களிலிருந்து ஏதோ காரமாக வந்துகொண்டிருந்தது.

"கேஸு" என்றேன். "இன்ஜின் உருகுது. அது விஷக் காத்து."

"கடுகு தாளிக்கற மாதிரி…" இருமினாள். "எலுமிச்ச சாதம் வாசனைங்க."

அப்போது ஜன்னல் பக்கமாக பாய் தன் பழைய ஸ்கூட்டரில் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில். அவர் திரும்பக் கையை ஆட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

பிள்ளைச்சாவடியில் மனைவி ஓரம் கட்டினாள். அதற்கு முன்பே அங்கே வந்து, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு, டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார் பாய்.

"இன்னா சார், இவ்ளோ லேட்டு."

நான் இறங்கி ஓடினேன். பத்தடி தள்ளி நின்றுகொண்டு, யாரும் பானெட்டைத் தொடக் கூடாது, வெடிக்கும் என்றேன். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா என்னைக் கேட்டார்: "இன்னாபா, வண்டிக்குள்ள மொளகா வறுக்கறீங்களா?"

மனைவி போய்ப் பானெட்டைத் திறந்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள். பிறகு, "இங்க வாங்க" என்றாள். அவள் அந்தத் தொனியில் கூப்பிட்டால் வெடிகுண்டாக இருந்தாலும் நான் போய்விடுவேன்.

இன்ஜின் சூட்டில் என் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகிப் பாகாக வழிந்திருந்தது. வேகத்தடையில் எலுமிச்சை பிடி விட்டு இறங்கியிருக்கிறது. கதவின் கை திரும்ப வேண்டிய சந்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மூடப் போன கதவை எலுமிச்சை தடுத்திருக்கிறது, போர்டு அதைக் கண்டுபிடித்துக் கரண்ட்டை நிறுத்தியிருக்கிறது, ஸ்பிரிங் கதவைத் திறந்திருக்கிறது. நான் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தது. மிளகாய்கள் மட்டும் கம்பியிலிருந்து கழன்று சைலன்சர் குழாயின் மேல் விழுந்து, கருகிக்கொண்டிருந்தன.

மனைவி கைக்குட்டையால் எலுமிச்சையை எடுத்தாள். ஒரு பக்கம் வெந்திருந்தது.

"இதுக்கு எத்தனை வோல்ட்டுங்க?"

"பாய் கட்டியிருப்பாரு" என்றேன்.

"டேப்பு சுத்தி எவன் சார் எலுமிச்சங்கா கட்டுவான்" என்றார் பாய், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வழியெல்லாம் பிய்த்துக்கொண்டு போனதாக நான் நினைத்த கார், வேகத்தடைக்குப் பிறகு ஒரு தடவைகூடப் பலம் பெறவில்லை. கதவு திறந்தே கிடந்தது. மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில்தான் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் சங்கதி அத்தோடு முடியவில்லை. கதவு திறந்து சிக்கினால் ஆபத்தில்லை என்பது தெரிந்துவிட்டது. மிதியை முழுதாக அழுத்திக் கதவு மூடியிருக்கும்போது காலை எடுத்தால் அது திறக்குமா என்பதை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் நாளைக்கு அவளை அனுப்ப முடியாது. இந்தத் தடவை வேடிக்கை இல்லை. கருகிய மிளகாயைத் துடைத்தேன், ஒயர்களைப் பார்த்தேன், ஒரு தடவை இன்ஜினை அணைத்துப் போட்டுச் சிவப்பு விளக்கு போய்விட்டதா என்று பார்த்தேன். போய்விட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

"பயமா இருந்தா இறங்கிக்கோங்க. நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

"நீ மட்டும் போனா இன்னும் பயம்" என்றேன். நானும் கேலியாகச் சொல்லவில்லை.

சாலை காலியாகும்வரை காத்திருந்தோம். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதிரே யாருமில்லை. அவள் வலது பக்கம் ஒடித்து மிதியை முழுதாக அழுத்தினாள். டக். கார் எழுந்தது. லாரியின் பின்சக்கரம், நடுச்சக்கரம், டிரைவரின் கதவு என்று வரிசையாகப் பின்னால் போயின. காருக்கு மூச்சு போய்விடுமோ என்று நான் பயந்த இடத்தில் போகவில்லை. லாரிக்கு முன்னால் வந்து இடது பக்கம் சேர்ந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் காலை எடுத்தாள். கதவு திறந்தது. காரின் வேகம் குறைந்தது.